வகுப்பறையில் யார் பேசுவது?

கல்லூரி ஆங்கில வகுப்புக்களிலே நெடுங்காலமாக மேலோங்கி ஒலித்து வந்தது ஆசிரியரின் குரலே. இலக்கண விதியை அவர் கூறுவார், மாணாக்கர் எழுதிக்கொள்வர். பரீட்சையில் அவ்விதியைப் பிழையின்றி எழுதியவனே, அம்மொழியில் இரண்டு வார்த்தை பேச நேர்ந்தவிடத்து நாவெழாது நிற்பதுண்டு. இக்குறையை நீக்க எழுந்த முயற்சிகளின் வரலாறு நீண்டது.

அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரிக்கு 1817 முதல் 1833 வரை தலைவராயிருந்தவர் சில்வேனஸ் தேயர். பாடத்தை முன்னரே படித்து வருதல் அங்கு மாணாக்கரின் கடமை. வகுப்பிலோ சிறு பிரிவுகளாகக் கூடி, கரும்பலகையின் முன் நின்று, படித்ததை அவர்களே விளக்கிக் காட்டினர்.

மொழிக்கல்வியில் 1878ஆம் ஆண்டு பேர்லிற்ஸ் தொடங்கிய பள்ளி, கற்கும் மொழியிலேயே வினாவும் விடையும் நிகழ வேண்டுமென வற்புறுத்தியது. நூறாண்டுகளின் பின், 1979 முதல் 1984 வரை, தென்னிந்தியாவில் என். எஸ். பிரபு பள்ளி மாணவரிடையே ஓர் ஆய்வு நடத்தினார். புகையிரத நேர அட்டவணையையும் தேசப்படத்தையும் அவர்முன் வைத்து, ஆங்கிலத்திலேயே சிந்தித்து விடைகாணச் செய்தார். இலக்கணம் தனிப்பாடமாக அங்கு இடம்பெறவில்லை.

ஹாவர்ட் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர், நல்ல புள்ளி பெற்ற மாணவரும் அடிப்படைக் கருத்துக்களில் தடுமாறுவதைக் கண்டார். 1991 முதல், விரிவுரையிடையே வினா எழுப்பி, அருகிருப்போருடன் விவாதிக்கும்படி அவர்களை ஏவினார். 2000ஆம் ஆண்டில், ஓகாயோ மாநிலத்து மயாமிப் பல்கலைக்கழகப் பொருளியலாசிரியர் மூவர் ‘தலைகீழாக்கிய வகுப்பு’ என்னும் முறையை விவரித்தனர். விரிவுரை ஒளிப்பதிவாக வீட்டுக்குச் சென்றது. பயிற்சி வகுப்புக்கு வந்தது. 2007இல் கொலராடோவில் இரசாயன ஆசிரியர்களான பேர்க்மன், சாம்ஸ் இருவரும் வகுப்புக்கு வர இயலாத மாணவருக்காகப் பாடங்களைப் பதிவு செய்ய, இம்முறை உலகெங்கும் பரவியது.

அறிவியலினும் மொழிக்கே இது பெரிதும் பொருந்தும். நீந்தாமல் நீச்சல் கைவராதது போலப் பேசாமல் பேச்சு கைவராது. நாற்பது நிமிட வகுப்பில் நாற்பது மாணவர் இருப்பின், ஒருவர்பின் ஒருவராகப் பேசினும் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடமே. இருவர் இருவராக உரையாடினால் ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் கிடைக்கும். விதி விளக்கத்தை வீட்டில் கேட்டு வந்தாலன்றி அவ்விருபது நிமிடமும் எஞ்சாது. அந்நேரத்தில் ஆசிரியர் சும்மா இருப்பவரல்லர். ஒவ்வோர் இணையின் அருகிலும் நின்று, பிழை பிறக்கும் இடத்திலேயே அதனைத் திருத்துபவர்.

ஆயின் இம்முறைக்கும் ஓர் இடர் உண்டு. 2020இல் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபொழுது, இலங்கையின் கிராமங்கள் சிலவற்றில் மாணவர் தொலைபேசித் தொடர்பு நாடிக் குன்றேற நேர்ந்தது. கருவி உள்ளவன் பாடம் கேட்டு வர, இல்லாதவன் வெறுங்கையோடு வருவானாயின் வகுப்பு இரண்டாகப் பிளவுறும்.

தேயரின் மாணாக்கரிடம் ஒளிப்பதிவு இருந்ததில்லை. புத்தகமும் கரும்பலகையுமே இருந்தன. முன்கூட்டிப் படிக்க அச்சிட்ட இரண்டு பக்கங்களைக் கொடுத்தும் இம்முறையைத் தொடங்கலாம். கருவி எதுவாயினும் ஆகுக. ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கே இருக்கும் அரிய பொழுது மாணாக்கரின் பேச்சுக்கு உரியதாதல் வேண்டும்.