யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அப்பா வைத்திருந்தது போல ஒரு மொறிஸ் மைனரை இங்கே வாங்கி ஊருக்கு அனுப்பலாமா?"

அது இலகுவல்ல. பாவித்த கார்களை இறக்குமதி செய்வதற்கு இலங்கையில் வயதெல்லை உண்டு. அறுபது வருடக் கார் அதற்குள் அடங்காது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறக்கப்பட்டபோதும் வயதெல்லை நீங்கவில்லை. ஆகவே, குடாநாட்டில் ஏற்கெனவே பதிவில் உள்ள காரை வாங்கி, உதிரிப்பாகங்களை மட்டும் பிரித்தானியாவிலிருந்து எடுப்பதே நடைமுறைக்கு உகந்தது.

ஏன் இங்கே மிஞ்சின?

1948இல் அறிமுகமான மைனர் 16 இலட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய கார் அரிதாகியது; இருந்ததைத் திருத்தி ஓடினோம். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி, பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனது. இயக்குவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். எளிய காபரேற்றர் கொண்ட பழைய எஞ்சின்கள்தான் அதற்கு ஈடுகொடுத்தன.

எஞ்சினும் உடலும்

மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். பிஸ்ரன் வளையங்கள் தேயும். எனவே நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கத்தை அளந்து பாருங்கள். புகைபோக்கியில் நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது என்று பொருள்.

எஞ்சினைவிட உடல் முக்கியம். மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலே பாரத்தைத் தாங்குகிறது. எங்கள் உப்புக்காற்றில் கதவுக்குக் கீழான பகுதியும், பின் வில்லுத்தகடு பொருந்தும் இடமும் முதலில் துருப்பிடிக்கும். மேலே பூசிய பெயின்ரை நம்பாமல், காரை உயர்த்திக் கீழே தட்டிப் பாருங்கள். முன்சக்கர மூட்டுகளுக்குக் கிறீஸ் போடாமல் விட்டிருந்தால், ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடக்கூடும்.

பத்திரம்

அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் பலர் பதிவுப் புத்தகத்தைக்கூட எடுக்காமல் வெளியேறினார்கள். சிலர் திரும்பவில்லை, சிலர் புலம்பெயர்ந்துவிட்டார்கள்.

- காரிலுள்ள செசி, எஞ்சின் இலக்கங்களைப் பதிவுடன் ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால், அது பதிவில் திருத்தப்பட்டிருக்க வேண்டும்.
- தற்போதைய உரிமையாளர் யார் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிப்படுத்துங்கள்.
- உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் முறையான அற்றோர்ணித் தத்துவம் தேவை. இறந்திருந்தால் வாரிசுகளின் உரிமை தீர்க்கப்பட வேண்டும்.
- கைமாறிக் கைமாறி வந்த, திகதியில்லாத கையொப்பத்தை மட்டும் நம்பி முழுப்பணத்தையும் கொடுக்காதீர்கள்.

ஆளில்லாத வளவில் நிற்கும் காரை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால், முதலில் அந்த வீட்டுக்காரர் எங்கே என்று அயலில் விசாரியுங்கள். ஒரு குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கார் மட்டுமாக இருக்கலாம்.