எந்தத் துறையின் குழந்தை? சிறப்புத் தேவையுடைய குழந்தைகளும் இந்தியப் பள்ளிகளும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1944ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரண்டு முயற்சிகள் நிகழ்ந்தன. பம்பாயில் ஜெய் வக்கீல் என்னும் பெண்மணி, டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த தம் மகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டில் மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம், போருக்குப் பிந்தைய இந்தியக் கல்வி பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. சார்ஜண்ட் அறிக்கை என்று கல்வி வரலாற்று மாணவர்கள் அறிந்த ஆவணம் அது. குறைபாடுடைய குழந்தைகளுக்கான ஏற்பாடு தேசியக் கல்வி முறையின் இன்றியமையாத பகுதி என்றும், அதைக் கல்வித் துறையே நிர்வகிக்க வேண்டும் என்றும் அவ்வறிக்கை பரிந்துரைத்தது.

முதலாவது ஒரு தாயின் தேவையிலிருந்து பிறந்தது. இரண்டாவது அரசின் மேசையில் உருவானது. தாய்மார்கள் பள்ளி கட்டியதும், அரசு அறிக்கை எழுதியதும் பின்வந்த பல பத்தாண்டுகளுக்கு இணைகோடுகளாகவே தொடர்ந்தன.

சிறப்புப் பள்ளிகள் அதற்கு முன்பே இந்தியாவில் இருந்தன. 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும், அந்நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் நடத்திய செவித்திறனற்றோர் பள்ளியும் நன்கறியப்பட்டவை. இவை சமயப் பணியாளர்களின் முயற்சிகள். கருணையே இவற்றின் அடித்தளம். அக்கருணையின் பயன் பெரிது. ஆயினும் இக்குழந்தைகளின் கல்வி அறச்செயலைச் சார்ந்தது என்னும் எண்ணம் அரசு நிர்வாகத்திலும் நிலைபெற்றது.

1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரி கல்விக் குழு அவ்வெண்ணத்தை மறுத்தது. இக்குழந்தைகளின் கல்வி பொதுக் கல்வியிலிருந்து பிரிக்க முடியாதது என்று அது கூறியது. ஆனால் இருபது ஆண்டுகளில், அதாவது 1986க்குள், எட்டத்தக்க இலக்காக அக்குழு வகுத்த அளவைக் கவனிக்க வேண்டும்: பார்வை, செவித்திறன், உடல் இயக்கக் குறைபாடுடைய குழந்தைகளுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர், அறிவுசார் குறைபாடுடையோருள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர். முதல் வகையினரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரும், அறிவுசார் குறைபாடுடையோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரும் பள்ளிக்கு வெளியே இருப்பது திட்டத்திலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது.

அவ்வாறு வெளியே இருந்த குழந்தைகளின் பெற்றோர் என்ன செய்தனர்? வசதியும் கல்வியும் வாய்த்த சிலர் நிறுவனங்களைத் தொடங்கினர். மூளை முடக்குவாதம் உடைய மாலினியின் தாய் மிது ஆலூர், 1972இல் பம்பாயில் மூன்று குழந்தைகளுடன் சிறப்புக் கல்வி மையம் ஒன்றைத் தொடங்கினார். இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் அவ்வாறு உருவாயிற்று. மாலினி பின்னர் புனித சேவியர் கல்லூரியில் பட்டம் பெற்றார்; லண்டனிலும் மேற்படிப்பு முடித்தார். சென்னையில் பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய வித்யா சாகரும், டெல்லியில் மெர்ரி பரூவா 1991இல் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசமும் இவ்வரிசையில் வருபவை. இவ்விருவரும் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் தாய்மார்களே.

இதே காலத்தில் அரசு என்ன செய்தது? 1974இல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பொதுப் பள்ளியில் சேர்ப்பதே அதன் நோக்கம். நிர்வகித்ததோ சமூக நலத் துறை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1982இல்தான் அது கல்வி அமைச்சகத்துக்கு மாறியது. சிறப்புப் பள்ளிகளோ இன்றளவும் பெரும்பாலும் நலத் துறைகளின் பொறுப்பிலேயே உள்ளன. ஒரே குழந்தை பொதுப் பள்ளியின் வாயிலில் நின்றால் ஒரு துறையைச் சேர்ந்தது. சிறப்புப் பள்ளியின் வாயிலில் நின்றால் வேறொரு துறையைச் சேர்ந்தது. இவ்விரு அலுவலகங்களுக்கும் இடையே கோப்பைச் சுமந்து நடப்பவர் பெற்றோர்.

சட்டங்கள் பின்னரே வந்தன. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உறுதியளித்தது. ஆனால் அதன் ஏழு வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசம் இல்லை. அது 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் மாற்றுத்திறன் குழந்தைகள் பின்தங்கிய பிரிவினராகச் சேர்க்கப்பட்டது 2012ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. கற்றல் குறைபாடு அப்போதுதான் பட்டியலில் நுழைந்தது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்ட குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் பயிலும் உரிமையை அது வழங்கியது.

உரிமை கிடைத்தது, கற்பிக்க ஆசிரியர் வேண்டுமே. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் விகிதத்தை வரையறுக்குமாறு ஆணையிட்டது. அந்தப் பணியிடங்களை மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் அந்நீதிமன்றமே மீண்டும் கூற வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றை எழுதும்போது ஒரு குறை என்னை உறுத்துகிறது. நாம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் தாய்மார்கள் பம்பாய், சென்னை, டெல்லி ஆகிய பெருநகரங்களில் நிறுவனம் தொடங்க முடிந்தவர்கள். அவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு சிற்றூரில் கூலி வேலைக்குச் செல்லும் தாய் பள்ளி தொடங்க இயலாது. இருக்கும் பள்ளியில் இடம் கேட்கத்தான் இயலும். அவருக்குக் கிடைக்கும் மறுப்பு பெரும்பாலும் வாய்மொழியாகவே வருகிறது. "எங்களிடம் வசதி இல்லை, வேறு பள்ளியைப் பாருங்கள்" என்னும் சொற்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சேர்க்கப்பட்ட குழந்தைக்குப் பள்ளியின் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைக்கு அதுவும் இல்லை.

எழுத்து இல்லாமையால் வரலாற்று ஆய்வாளர் சான்றை இழக்கிறார். தாய் வழக்கையே இழக்கிறார். ஆகவே சேர்க்கை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுவதும், மறுப்பை எழுத்தில் கேட்பதும், அதை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் கொண்டுசெல்வதும் சட்ட நடவடிக்கைகளாக மட்டும் நின்றுவிடுவதில்லை, ஆவணங்களாகவும் எஞ்சுகின்றன. கல்வி வரலாற்றில் ஆய்வுத் தலைப்பைத் தேடும் மாணவர்கள் குழு அறிக்கைகளோடு நின்றுவிட வேண்டாம். தங்கள் ஊரில் இத்தகைய பெற்றோர் ஒருவரைச் சந்தித்து, அவர் எந்தெந்தப் பள்ளிகளின் படியேறினார், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அவர் இசைவுடன் பதிவு செய்யட்டும். சார்ஜண்ட் அறிக்கையின் பரிந்துரை எவ்வளவு நிறைவேறியது என்பதற்கான விடை அந்தப் பெற்றோரிடம்தான் இருக்கிறது.