தாமதமும் ஒரு மறுப்புதான்

"சர்வர் வேலை செய்யவில்லை", "கைரேகை பதியவில்லை", "அடுத்த வாரம் வா." ரேஷன் கடையில் நம் அம்மாக்கள் கேட்டுப் பழகிய பதில்கள் இவை. பசித்தவரைச் சோதித்துக் காக்க வைக்கும் இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் முதலில் வீழ்ந்தவர்கள் நிலமற்ற கூலிகள். தமிழ் மாவட்டங்களில் அவர்களில் கணிசமானோர் தலித்துகள். 1877இல் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைக்க நிவாரணக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் சிறு காசும் என்று வெட்டினார். உண்மையிலேயே பசிக்கிறதா என்று சோதிக்க, வேலைத்தளமும் ஊரிலிருந்து பல மைல் தள்ளி வைக்கப்பட்டது. நடக்கத் தெம்பில்லாதவர் சோதனையில் தோற்றார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் அந்தக் கூலி கைவிடப்பட்டது.

2001இல் அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடக்க, ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடந்தனர். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. அதன் இடைக்கால உத்தரவுகள் சலுகைகளைச் சட்ட உரிமைகளாக்கின.

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: உரிய உணவு தராவிட்டால் மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும்.

தோழர்களே, "அடுத்த வாரம்" என்றால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லாக விட்ட பசிக்குக் கணக்கு இருக்காது.