களாப்பழத்தின் கருமையும் 'மோர் பெட்டர்' என்னும் பிழையும்

கொரட்டூரில் நண்பர் ஒருவர் ஞாயிறு மாலைகளில் தம் வீட்டு மொட்டைமாடியில் ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறார். கட்டணம் ஏதுமில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் அருகிலிருக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளிலும் பேக்கிங் பிரிவுகளிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள், தமிழ்வழியில் படித்தவர்கள். நண்பர் ஊருக்குச் சென்றிருந்த ஒரு ஞாயிறன்று அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. தமிழிலக்கியம் கற்று, தமிழையே கற்பித்துப் பிழைக்கிற நமக்கு அது வேண்டாத வேலைதான். ஆயினும் மறுக்க இயலவில்லை. அன்றைய பாடம் 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்'.

கரும்பலகையில் 'குட், பெட்டர், பெஸ்ட்' என்று எழுதி முடிக்கும் முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் அவள் 'மோர் பெட்டர்' என்று சொல்லியிருக்கிறாள். எதிரே இருந்தவர் சிரித்தாராம். சிரித்ததோடு நில்லாமல் பக்கத்தில் இருந்தவரிடமும் அதைத் திருப்பிச் சொன்னாராம். வேலை கிடைக்கவில்லை. "அதுக்கு இது பெட்டர்னு சொல்றோம், ரொம்ப பெட்டர்னும் சொல்றோம். அப்போ மோர் பெட்டர்னா மட்டும் என்ன சார் தப்பு?" என்று கேட்டாள். தப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஏன் தப்பு என்று சொல்ல அன்றைக்கு நம்மிடம் விடை இல்லை. வீடு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டியபோது கிடைத்தவையே இக்கட்டுரை.

தமிழில் பண்புச்சொல் தன்னளவில் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. 'பெரிது' என்பது எப்போதும் 'பெரிது'தான். எதைக்காட்டிலும் பெரிது என்பதை ஒப்பிடப்படும் பெயரின்மேல் ஏற்றிச் சொல்கிறோம்: அதனினும் பெரிது, அதைவிடப் பெரிது, அதைக்காட்டிலும் பெரிது. ஆங்கிலமோ பெயரைத் தொடாமல் பண்புச்சொல்லின் வாலில் ஒன்றை ஒட்டுகிறது. ஒரே சுமையைத் தமிழ் ஒரு தோளிலும் ஆங்கிலம் மறுதோளிலும் சுமக்கின்றன.

இதை நம் இலக்கணிகள் எங்கே வைத்தார்கள் என்பதுதான் சுவையான செய்தி. தொல்காப்பியத்தில் இது வேற்றுமையியலில் வருகிறது. ஐந்தாம் வேற்றுமையாகிய 'இன்' உருபைப் பேசும் நூற்பா, 'இதைவிட இது இத்தகையது' என்னும் பொருளையே அதன் தலையாய பொருளாகக் கொள்கிறது. பிறகு நிறம், வடிவம், அளவு, சுவை என்று தொடங்கி, தண்மை, வெம்மை, சிறுமை, பெருமை, முதுமை, இளமை என இருபதுக்கு மேற்பட்ட பண்புகளை அடுக்கிக்கொண்டே போகிறது. ஒப்பிட்டுச் சொல்லத்தக்கவை எவை எவை என்பதற்கு ஒரு பட்டியலே அது. 'நீங்கல்' என்று இன்று ஐந்தாம் வேற்றுமைக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுக்கும் பொருள் அந்நூற்பாவில் அடங்கி ஒடுங்கித்தான் கிடக்கிறது. உரையாசிரியர்கள் அதை விரித்தார்கள். நன்னூலில் பவணந்தியார் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்காக வரையறுத்தார்.

உரையாசிரியர்கள் தரும் பழைய எடுத்துக்காட்டில் ஒரு காக்கையும் ஒரு களாப்பழமும் வரும். களாப்பழத்தின் கருமையை 'இன்' உருபால் காக்கையோடு பொருத்திச் சொல்லும் தொடர் அது. அதற்குக் காக்கையைப் போலக் கரியது என்றும் பொருள் கொள்ளலாம். காக்கையைக் காட்டிலும் கரியது என்றும் கொள்ளலாம். முன்னதை உவமப்பொரு என்றும் பின்னதை உறழ்பொரு என்றும் பிரித்தார்கள். ஒரே உருபு சமத்தையும் மிகுதியையும் சொல்கிறது! ஆங்கிலத்தில் 'அஸ் பிளாக் அஸ்' என்றும் 'பிளாக்கர் தேன்' என்றும் (இது ஆங்கிலத் 'தேன்', தேனடைக்கும் இதற்கும் தொடர்பில்லை) இரண்டு தனித்தனி அச்சுகள் இருக்கும் இடம் இது. இங்கே நம் மாணவர்கள் தடுமாறுவதில் வியப்பென்ன? இக்காலத் தமிழ் இந்த ஐயத்தை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. வினைச்சொற்களைக் கூப்பிட்டு வேலை வாங்கியது. 'விட' என்பது விடுதல். 'பார்க்கிலும்' என்பது பார்த்தல். 'காட்டிலும்' என்பது காட்டுதல். அதை விட்டுவிட்டு, அதைப் பார்த்தாலும், அதைக் காட்டினாலும் இது பெரிது. பேச்சுத்தமிழோ நான்காம் வேற்றுமையையும் விட்டுவைக்கவில்லை: 'அதுக்கு இது தேவலை'.

ஆங்கிலேயரின் 'தேன்' மட்டும் வானத்திலிருந்து குதித்ததா? 'பிறகு' என்று பொருள்படும் 'தென்' என்ற சொல்லும் அதுவும் மூலத்தில் ஒன்றே என்பர். இது பெரிது, பிறகு அது. அவ்வளவுதான் செய்தி.

பாசிட்டிவ், கம்பேரடிவ், சூப்பர்லேடிவ் என்ற மூன்று படிகள் எங்கிருந்து வந்தன? கி.பி. நான்காம் நூற்றாண்டில் ரோமில் இலக்கணம் கற்பித்த தொனாத்துஸ், பெயர்ச்சொல்லின் இயல்புகளுள் ஒன்றாக 'ஒப்பீட்டை' வைத்தார். பெயரும் பெயரடையும் இலத்தீனில் ஒரே வகையாக எண்ணப்பட்ட காலம் அது. இலத்தீனுக்குப் பொருந்திய அந்தச் சட்டை பின்னர் ஐரோப்பிய மொழிகள் அனைத்துக்கும் மாட்டப்பட்டது. இராபர்ட் லோத் 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்திலும், லிண்ட்லி மர்ரே 1795இல் வெளியிட்ட இலக்கணத்திலும் இந்த மூன்று படிகளே. 'மோர்' என்பதையும் வாலில் ஒட்டும் விகுதியையும் ஒருசேரப் பயன்படுத்துவது தவறு என்ற தீர்ப்பு உறுதிப்பட்டதும் பதினெட்டாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்? ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தின் தொடக்கத்தில் பிராஸ்பரோ தன் மகளிடம் பேசும்போது இதே 'மோர் பெட்டர்' வருகிறது. ஜூலியஸ் சீசரில் ஆண்டனி பேசும் புகழ்பெற்ற பேச்சில் இரட்டை சூப்பர்லேடிவ் ஒன்று உண்டு. கொரட்டூர்ப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர் பிராஸ்பரோவைப் பார்த்தும் சிரித்திருக்க வேண்டும்.

தமிழ் கற்க வந்த பாதிரிமார்களின் கதை இதற்கு மறுபுறம். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இலத்தீன் கண்ணாடி அணிந்து வந்தவர்கள்தாம். ஆயினும் தாம் தேடிய விகுதி தமிழில் இல்லை என்றால் வேறு எது அந்த வேலையைச் செய்கிறது என்று கேட்டாக வேண்டிய கட்டாயம் அவர்கள் அனைவருக்கும் இருந்தது. கேட்காவிட்டால் பிரசங்கம் செய்ய இயலாதே! இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கால்டுவெல்லிடம் கிடைக்கிறது. திராவிட மொழிகளில் ஒப்பீடு, இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப் போல விகுதி சேர்த்து நிகழ்வதில்லை, செமித்திய மொழிகளின் முறைக்கு நெருக்கமாக நிகழ்கிறது என்றார் அவர். எபிரேயத்திலும் 'இருந்து' என்று பொருள்படும் ஒரு சிறுசொல்லே இந்த வேலையைச் செய்கிறது. நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளுக்கு அது உறவுக்காரன் போலத் தோன்றுகிறது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். கொரட்டூர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதும் அதே 1856இல்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, அந்த மாடியில் நின்றால் ரயில் சத்தம் கேட்கும் என்பதால் நினைவுக்கு வந்தது.

மறுதிசையில், அதாவது தமிழருக்கு ஆங்கிலம் கற்பித்த திசையில், அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக நமக்குத் தோன்றவில்லை. மாணவனிடம் ஏற்கெனவே ஓர் ஒப்பீட்டு முறை இருக்கிறது என்பதே பாடத்தில் கணக்கில் வரவில்லை. இத்தனைக்கும் இரண்டு கரையும் அறிந்த அறிஞர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளைதான் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868இல் அச்சிட்டார். ஐந்தாம் வேற்றுமை நூற்பா ஏட்டுச்சுவடியிலிருந்து இறங்கி எவர் கைக்கும் எட்டும் அச்சுக்கு வந்தது ஓர் ஆங்கிலப் பட்டதாரியின் உழைப்பால். ஆனால் கல்லூரிகளில் தமிழ்த்துறை ஒரு கட்டடம், ஆங்கிலத்துறை ஒரு கட்டடம் என்றானது. காலையில் தமிழாசிரியர் 'ஐந்தாம் வேற்றுமை ஒப்புப்பொருள்' என்று நடத்துவார். பிற்பகலில் ஆங்கில ஆசிரியர் 'கம்பேரடிவ் டிகிரி' என்று நடத்துவார். இரண்டும் ஒன்றையே பேசுகின்றன என்று இருவரும் சொல்வதில்லை. இருபதாண்டுகளாக அந்தக் காலை வகுப்பை நடத்தியவர்களில் நாமும் ஒருவர்.

அதற்குப் பதிலாக நமக்குக் கிடைத்தவை தேர்வுச் சூத்திரங்கள். 'நோ அதர்' என்று தொடங்கினால் பாசிட்டிவ், 'தேன் எனி அதர்' வந்தால் கம்பேரடிவ், 'வெரி ஃப்யூ' என்றால் 'ஒன் ஆஃப் தி' என்று மாற்று. இரண்டு மதிப்பெண்ணுக்காக இவற்றை உருப்போடாத தமிழ் மாணவர் உண்டா? 'நோ அதர்' என்பது 'இதைப்போல் வேறொன்றில்லை' என்று நம் பாட்டிமார் அன்றாடம் சொல்வதுதான் என்று ஒரே ஒரு முறை யாராவது சொல்லியிருந்தால் சூத்திரமே தேவைப்பட்டிராது. 'தேன் எனி அதர்' என்பது 'வேறெதையும் விட'. சூப்பர்லேடிவோ 'எல்லாவற்றிலும்'. தமிழில் அது தனிப்படியன்று. அனைத்தோடும் வைத்துச் செய்யும் ஒப்பீடுதான்.

இனி அந்தப் பெண்ணின் கேள்வி. 'பெட்டர்' என்ற சொல் சென்னைத் தமிழுக்குள் வந்தபோது விகுதியோடு வரவில்லை, முழுச்சொல்லாக வந்தது. 'தேவலை' உட்கார்ந்திருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. அதனால்தான் 'அதுக்கு இது பெட்டர்'. தேவலைக்கு 'ரொம்ப' சேர்க்கலாம் என்றால் பெட்டருக்கும் சேர்க்கலாம். அந்த 'ரொம்ப'வை மறுபடி ஆங்கிலமாக்கினால் 'மோர் பெட்டர்'. அவள் செய்தது அறியாமை அன்று; தமிழ் இலக்கணத்தைப் பிசகின்றிக் கடைப்பிடித்திருக்கிறாள், வேறு மொழியில்.

நாம் இதைச் செய்வது முதல்முறையும் அன்று. வடமொழியில் 'உத்தம' என்பதே சூப்பர்லேடிவ். அதன் 'தம' விகுதி அதற்குரியது. நாம் அதை வாங்கி 'மிக உத்தமம்' என்றோம். யாரும் சிரிக்கவில்லை. இலங்கைத் தமிழில் இன்றும் வழங்கும் 'சிரேஷ்ட விரிவுரையாளர்' என்பதில் உள்ள 'இஷ்ட' விகுதியும் ஆங்கிலத்தின் 'பெஸ்ட்' சொல்லில் உள்ள விகுதியும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். வேதமொழியே அந்தச் சிரேஷ்டத்தின்மேல் 'தம'வையும் ஏற்றிச் 'சிரேஷ்டதம' என்றது. நம் பக்கத்துச் 'சீனியர்' இலத்தீனில் கம்பேரடிவ் வடிவம். 'ஜூனியர்', 'மேஜர்', 'மைனர்' யாவும் அப்படியே. ஆங்கிலத்துக்குள் வந்ததும் அவை தம் படியை மறந்தன. ஆனால் 'தேன்' ஏற்காமல் 'டு' மட்டுமே ஏற்கும் என்ற பழைய பிடிவாதத்தை விடவில்லை. நம்மவர்கள் 'சீனியர் தேன் மீ' என்று சொல்லிக் குட்டுப்படுவது இங்கேதான். 'என்னைவிட மூத்தவர்' என்பதிலுள்ள 'விட' நேராகத் 'தேன்' ஆகிவிடுகிறது.

அடுத்த ஞாயிறும் நண்பரிடம் கேட்டு வகுப்பை வாங்கிக்கொண்டோம். இம்முறை கையில் முதுமொழிக்காஞ்சி. பதினெண்கீழ்க்கணக்கில் அதிகம் பேசப்படாத சிறு நூல். மதுரைக் கூடலூர்கிழார் பாடியது. பத்துப் பத்தாக நூறு அடிகள். அதன் முதற்பத்துக்குப் பெயர் 'சிறந்த பத்து'. பத்து அடியும் ஒரே அச்சில் வார்த்த ஒப்பீட்டு வாக்கியங்கள்: இதைவிட இது சிறந்தது, இதைவிட இது சிறந்தது. ஓதுவதைவிட ஒழுக்கம், கொடையைவிட வாய்மை, இளமையைவிட நோயின்மை. ஆங்கிலப் பயிற்சிநூலில்கூட இவ்வளவு ஒழுங்கான பயிற்சி அமையாது. 'இன்' உருபைக் கரும்பலகையில் வட்டமிட்டோம். இதைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் 'தேன்', அப்போது பண்புச்சொல் தானே வாலை நீட்டிக்கொள்ளும், வால் முளைத்த பிறகு 'மோர்' வேண்டாம் என்றோம். மாணவர்கள் தமிழ் அடியைப் படித்து ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்கள். லேத் பட்டறை இளைஞர் ஒருவர் எட்டு அடிகளை முடித்துவிட்டார்.

நோயின்மை அடி அந்தப் பெண்ணுக்கு வந்தது. 'ஹெல்த் இஸ்' என்று தொடங்கி நிறுத்தினாள். 'மோர்' நாக்கின் நுனிவரை வந்துவிட்டது நமக்கே தெரிந்தது. பிறகு "ஹெல்த் இஸ் பெட்டர் தேன் யூத்" என்றாள். உட்காரவில்லை. "சார், எங்க பாட்டிகிட்ட கேட்டா இது ரொம்ப பெட்டர்னுதான் சொல்லுவாங்க. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்றாள். 'மச் பெட்டர்' என்று எழுதிக் காட்டினோம். நோட்டில் அதைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில் 'ரொம்ப' என்று எழுதிவைத்தாள்.