சிப்பியிலிருந்து குளிசைப் போத்தல் வரை

"அம்மம்மா குடிக்கிற குளிசை எல்லாத்தையும் கொண்டு வாங்கோ" என்று வாட்டில் டொக்டர் சொன்னா. நான் வீட்டுக்குப் போய்த் தேடினால் ஒரு பை இல்லை, மூன்று பை. ஒன்று கிளினிக்கில் தந்தது. மற்றது கனடா மாமா பார்சலில் அனுப்பின பெரிய போத்தல். மூன்றாவது, பக்கத்து வீட்டு அன்ரி "எலும்புக்கு நல்லது" என்று சொல்லி பாமசியில் வாங்கிக் கொடுத்த விற்றமின் டி. மூன்றையும் அம்மம்மா ஒழுங்காகக் குடித்திருக்கிறா. ஒரு நாளும் தவறவிடவில்லை. அதுதான் பிரச்சினை.

இரண்டு வருசத்துக்கு முதல் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவவுக்குக் கை முறிந்தது. எலும்பு தேய்ந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் பயம். ஆளாளுக்குக் கல்சியம் கொடுத்தோம். கொஞ்ச மாதத்தில் அவவுக்கு ஓயாத தண்ணீர் விடாய், மலச்சிக்கல், சத்தி. ஒரு நாள் என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. "வயசு போகுது, அப்பிடித்தான்" என்று நாங்கள் இருந்துவிட்டோம். இரத்தம் சோதித்தபோதுதான் தெரிந்தது, கல்சியம் கூடிப்போயிருக்கிறது. குளிசையை நிற்பாட்டி, சேலைன் ஏற்றி, சில நாளில் பழைய அம்மம்மாவாக வீட்டுக்கு வந்தா.

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன். மருந்து பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கல்சியம் எங்கள் கரையின் வரலாறும்தான்.

மன்னார்க் கோட்டையை 1560இல் போர்த்துக்கீசர் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். மூன்று பேரின் கண்ணும் முத்துக்குளிப்பில் இருந்தது. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகையின் சுவருக்குப் பூசியது முத்துச்சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பிகள் கரைக்கு வந்தன. அடுத்த வருசம் முத்துப்பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின. சில வருசங்களிலேயே அந்தக் கம்பனி நொடித்தது. 1925க்குப் பிறகு பெரிய குளிப்பே நடக்கவில்லை. அள்ளுகிறவர்களுக்கு அளவு தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

முத்தும் சிப்பி ஓடும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: கல்சியம் காபனேற்று. இன்று கடையில் விற்கிற கல்சியக் குளிசைகள் பலவற்றில் இருப்பதும் அதுவே. சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பம், சங்குப் பற்பம், பவளப் பற்பம் எல்லாம் இந்தக் கடல் தந்தவை. அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருக்கிற சுண்ணாம்பும் அதே குடும்பம். ஆக, கல்சியம் எங்களுக்குக் கனடாவிலிருந்து வந்த புதுச் சாமான் இல்லை.

விற்றமின் டியின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. கைத்தொழில் நகரங்களின் புகைக்குள் வளர்ந்த ஐரோப்பியப் பிள்ளைகளுக்குக் கால் எலும்பு வளைந்தது. வெயில் இல்லாததுதான் காரணம் என்று 1890இல் தியோபால்ட் பாம் என்ற மருத்துவர் எழுதினார். 1919இல் பேர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி புற ஊதா விளக்கால் அந்தப் பிள்ளைகளைக் குணப்படுத்திக் காட்டினார். 1922இல் மக்கொல்லம் மீனெண்ணெயில் இருந்த அந்தச் சத்துக்கு 'டி' என்று பெயர் வைத்தார். மனிதகுலத்துக்கு இது பெரிய வெற்றி, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் வெற்றிக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் பால்மாவில் விற்றமின் டி, தானிய உணவில் விற்றமின் டி, அதற்கு மேல் மீனெண்ணெயும். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். ஒரே குழந்தைக்கு நாலு பக்கத்தாலும் போனது. 1950களில் இரத்தத்தில் கல்சியம் கூடிய குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். கூடுதலான விற்றமின் டியில் சந்தேகம் விழுந்து, 1957இல் அளவைக் குறைத்தார்கள். எங்கள் வீட்டு மூன்று பைகளும் அதே கதைதான், என்ன, குழந்தைக்குப் பதில் கிழவி.

இன்னொரு கதையும் இருக்கிறது. 1915இல் சிக்காகோவில் சிப்பி என்ற பெயருடைய ஒரு டொக்டர் (எங்கள் சிப்பி இல்லை, பேர்ட்ரம் சிப்பி) வயிற்றுப் புண்ணுக்குப் பாலும் காரப் பொடியும் கொடுத்தார். 1923இல் அதே வைத்தியத்தால் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாவது பதிவானது. 'பால்-கார நோய்' என்று அதற்குப் பெயர் வந்தது. புண்ணுக்குப் புது மருந்துகள் வந்தபின் அந்த நோய் மறைந்தது. எலும்புக்கென்று எல்லாரும் கல்சியக் குளிசை விழுங்கத் தொடங்கியதும் திரும்பி வந்தது. 1990களில் தாய்வானில், சிப்பிச் சுண்ணாம்போடு பாக்குச் சப்பிய ஒருவருக்கே இது வந்ததாக மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. வாசித்துவிட்டு அம்மம்மாவின் தட்டத்தைத்தான் பார்த்தேன். பாக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது வேறு.

அப்போ கல்சியமே வேண்டாமா? அப்படி இல்லை. 1992இல் பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த 3270 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், தினமும் 1200 மில்லிகிராம் கல்சியமும் 800 அலகு விற்றமின் டியும் எடுத்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து. 2006இல் அமெரிக்காவில் 36,000க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வில் அந்தளவு பயன் தெரியவில்லை, சிறுநீரகக் கல் 17 வீதம் கூடியது. 2010இல் அவுஸ்திரேலியாவில் வருசத்துக்கு ஒருக்கால் 5 இலட்சம் அலகு விற்றமின் டியை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விழுகிறதும் முறிவதும் குறையவில்லை, கூடியது!

அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2010இல் சொன்ன கணக்கு இது: 50 வயது தாண்டிய பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கல்சியம், 70 தாண்டினால் 800 அலகு விற்றமின் டி. மேல் எல்லை, கல்சியம் 2000 மில்லிகிராம், டி 4000 அலகு. கவனியுங்கள், அந்த 1200 சாப்பாட்டையும் சேர்த்து. முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி, பால், தயிர், கீரை, குரக்கன் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும்.

வாட்டில் டொக்டர் பொறுமையாகச் சொல்லித் தந்ததை அப்படியே எழுதுகிறேன். கல்சியம் காபனேற்றுக் குளிசையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், அது கரைய வயிற்று அமிலம் தேவை. 1250 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் உள்ளே உண்மையான கல்சியம் 500தான். லேபிளில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே தரத்தில் 500, 600க்கு மேல் உடம்பு நன்றாக உறிஞ்சாது, பிரித்து எடுக்கலாம். தைரொயிட் குளிசைக்கும் கல்சியத்துக்கும் 4 மணித்தியால இடைவெளி வேண்டும். இரும்புச் சத்துக் குளிசை, சில அன்ரிபயோட்டிக் இவற்றோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. பிரஷருக்குக் குடிக்கிற சில சலக் குளிசைகள் இரத்தக் கல்சியத்தை இன்னும் ஏற்றும். சிறுநீரக வருத்தமோ கல்லோ இருந்தால் கேட்காமல் தொடவே கூடாது. வவுனியா, அனுராதபுரம் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். அதோடு, டொக்டர் எழுதித் தந்த குளிசையைப் பயத்தில் தாங்களாக நிற்பாட்டவும் கூடாது.

இவ்வளவு வெயில் எறிக்கிற மன்னாரில் விற்றமின் டி எப்படிக் குறையும் என்று கேட்டேன். வயது போனால் தோல் அதைச் செய்வது குறைந்துவிடும், அம்மம்மாக்கள் வெளியில் வருவதும் குறைவு என்றா.

கனடா மாமாவுக்கு அழைப்பு எடுத்து விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் நல்லதுக்குத்தானே அனுப்பினன்" என்றார். பிழை அவரில் இல்லை. தூரத்தில் இருக்கிறவருக்கு அன்பைக் காட்ட ஒரு பார்சல்தான் இருக்கிறது. அன்ரியும் நல்லதுக்குத்தான், கிளினிக்கும் நல்லதுக்குத்தான். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போது அம்மம்மாவுக்கு ஒரே ஒரு பை. அதற்குள் ஒரு கொப்பித் தாள், என்ன குளிசை, எவ்வளவு, எப்போது என்று என் கையெழுத்தில். கிளினிக்குக்குப் போகும்போது பையோடுதான் போகிறா. இதை வாசிக்கிற நீங்களும் இந்தக் கிழமை வீட்டுக்குப் போனால், உங்கள் அம்மம்மா, அப்பம்மாவின் பைகளை எல்லாம் ஒருக்கால் மேசையில் கொட்டிப் பாருங்கள்.