வாயிலைத் திறந்தவர் யார்? பாலோ வட்டாரத்தையும் தரங்கம்பாடியையும் முன்வைத்து ஒரு விசாரணை

ஜோகூரில் குளுவாங்குக்கும் லாபிஸுக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பாலோ. சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள்; பின்னாளில் செம்பனை. 1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது நடு ஜோகூரின் இத்தகைய ஊர்கள் போர்க்களத்தின் விளிம்புக்கு வந்தன. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரம் குடியிருந்த சீனர்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தோட்டத்து லயங்களும் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. வாயிலில் சோதனை, இரவில் ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு. இந்த வேலிக்குள் போய்ப் பணிசெய்ய மறைப்பணியாளர்களைக் காலனிய அரசே வரவேற்றது.

அந்த வரவேற்புதான் இக்கட்டுரையின் சிக்கல். புதிய இடத்தில் ஓர் இளம் மறைப்பணியாளர் வேரூன்றுவதை அவருடைய பக்தி, உழைப்பு, உடல்நலம் ஆகியவற்றைக் கொண்டு விளக்குவதே மிஷன் வரலாறுகளின் வழக்கம். அவருக்கு வாயிலைத் திறந்துவிட்டவர் யார் என்பதே அதைவிட அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் வாதம். அதிகாரம் திறந்துவிட்ட வாயில் வழியே நுழைந்தவருக்கு வீடு எளிதில் கிடைக்கிறது, அண்டைவீட்டார் கிடைப்பதில்லை.

புதுக்கிராமங்களுக்கு வந்த மறைப்பணியாளர்களில் பலர் சீனாவிலிருந்து வெளியேற நேர்ந்தவர்கள். சீன உள்நாட்டு மிஷன் 1951இல் தன் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றியிருந்தது. அதன் பணியாளர்கள் பலருக்குத் தெரிந்தது மாண்டரின். வேலிக்குள் ஒலித்ததோ ஹக்கா, கான்டனீஸ், ஹொக்கியன், தியோச்சூ. அதாவது, மொழி தெரிந்தவர்கள் என்று நம்பி அழைக்கப்பட்டவர்கள் மொழியை மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. அது உழைப்பால் தீரக்கூடிய குறை. இன்னொன்று அவ்வளவு எளிதில் தீராது. காவலர் சோதிக்கும் அதே வாயில் வழியே, காவலரின் இசைவோடு வந்துபோகும் வெள்ளைக்காரரை, வீட்டையும் காய்கறித் தோட்டத்தையும் இழந்து வந்த குடும்பம் எந்தக் கணக்கில் வைக்கும்?

இதற்கு நேர் எதிரான சூழலைத் தரங்கம்பாடியில் காணலாம். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய மறைப்பணியாளர் பார்த்தலோமேயு சீகன்பால்க் அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் இருந்தது. உடன் வந்தவர் ஹென்ரிக் புளூச்சோ. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். ஆனால் ஊரை நடத்தியது டேனிய வணிகக் கம்பெனி. அதற்கு இவர்கள் வேண்டாத விருந்தாளிகள். தலைவர் ஹாசியஸ் இவர்களைக் காக்கவைத்தார், அலட்சியப்படுத்தினார். கோட்டைக்குள் ஐரோப்பியர் வட்டம் இவர்களுக்கு ஒட்டவில்லை. போக்கிடம் தமிழர் தெருதான். முதிய தமிழ் ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுடன் இவர்கள் வீட்டிலேயே பள்ளியை நடத்த, சீகன்பால்க் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் அவருக்குத் துபாஷியாகவும் ஆசானாகவும் இருந்தார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய தமிழ் ஏடுகள் 119க்கு விளக்க அட்டவணை எழுதினார். அந்த ஆண்டின் இறுதியில் ஹாசியஸ் அவரைச் சிறையில் அடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதம் கழித்தே வெளியே வந்தார்.

இதைத் தியாகக் கதையாகச் சொல்வது மிஷன் நூல்களுக்குப் பிடிக்கும். எனக்கு அதில் நாட்டமில்லை. கம்பெனி அவரை மாலை விருந்துக்கு அழைத்திருந்தால் அந்த அட்டவணை இவ்வளவு விரைவில் உருவாகியிருக்குமா என்பதே கேட்கத்தக்க கேள்வி. கோட்டை தள்ளிவைத்ததால் அவர் தெருவைச் சார்ந்திருக்க நேர்ந்தது. சார்ந்திருந்ததால் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிக் கடிதங்களாகப் பதில் பெற்ற முறையும் இந்தச் சார்பிலிருந்து கிளைத்ததே. 1713இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலை ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்த மிஷன் மேலோர் அச்சிட விரும்பவில்லை. அது சென்னையில் வெளிவந்தது 1867இல்தான். கேட்டுக்கொண்டதைத் தாயகத்திடம் சொல்ல முயன்றபோது, அங்கேயும் ஒரு வாயில் சாத்தப்பட்டது.

மறுப்பு ஒன்றை எதிர்பார்க்கிறேன். சீகன்பால்கின் பின்னால் ஓர் அரசர் இருந்தார். ஆகவே அவரையும் அதிகாரம்தான் அனுப்பியது. உண்மை. ஆனால் கோபன்ஹேகன் பல மாதக் கடற்பயண தூரம். ஹாசியஸ் அடுத்த தெரு. நாள்தோறும் பாதிப்பது அருகிலிருக்கும் அதிகாரமே. மறுபுறம், புதுக்கிராமப் பணி முழுதும் வீண் என்றும் நான் சொல்லவில்லை. புதுக்கிராமங்களைப் பற்றி 1973இல் விரிவான ஆய்வு நூல் தந்த ரே நைஸ் ஒரு லூத்தரன் மறைப்பணியாளர். வேலிக்குள் போனவரும் கவனமாகக் கேட்க முடியும். ஆனால் அதற்குக் காலம் வேண்டும். வேலி அவிழ வேண்டும்.

பாலோ வட்டாரத்துத் தோட்டத் தமிழரிடம் இந்த வாதத்தைக் கொண்டுவந்தால் சித்திரம் மாறும். மலாயாத் தமிழரிடையே பணிசெய்தவர்களில் பலர் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த போதகர்களும் உபதேசியார்களும். தரங்கம்பாடி மரபில் வந்த லூத்தரன் தமிழர்கள் 1907இலேயே கோலாலம்பூரில் சபை கண்டிருந்தனர். இவர்களுக்கு மொழிச் சிக்கல் இல்லை. ஆனால் தோட்டம் துரையின் அதிகாரத்துக்கு உட்பட்டது. லயத்துக்குப் போக அவர் இசைவு வேண்டும். வழியில் கிராணியும் கங்காணியும் உண்டு. தமிழ் பேசும் போதகரும் துரையின் ஆளாகவே பார்க்கப்பட வாய்ப்பிருந்தது. ஒரே ஊர்க்காரர், ஒரே சாதியார் என்ற உறவு சிலருக்கு அந்த ஐயத்தைப் போக்கியிருக்கலாம். அதே உறவு மற்றவர்களை விலக்கியும் இருக்கலாம். மிஷன் ஆண்டறிக்கைகளை மட்டும் படித்து இதைத் தீர்மானிக்க இயலாது. அவற்றில் ஞானஸ்நானக் கணக்கு பேசும். துரை எந்த நாளில் எவரை உள்ளே விட்டார் என்பது பேசாது. அதை லயத்து முதியவர்களின் வாய்மொழியில்தான் தேட வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின் அந்த முதியவர்களைப் பாலோவில் மட்டுமல்ல, குளுவாங்கிலும் ஜோகூர் பாருவிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளிலும் தேட வேண்டியிருக்கும்.