கன்னச் செல்லில் கிடந்த விடை

முடக்குவாதத்தை, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸை, மூட்டு கோணுவதற்கு முன்பே காட்டித்தரும் ஆன்டிபாடி 1964-லேயே மருத்துவர்களின் கண்ணில் பட்டுவிட்டது. அது நோயாளிக்குப் பயன்படும் சோதனையாக மேலும் 36 ஆண்டுகள் ஆயின. சோதனை செய்யும் முறையில் இருந்த சிரமமே இதற்குப் பெரிய காரணம் என்பேன். நெதர்லாந்தின் நீன்ஹௌஸும் மண்டேமாவும் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல்களின் மேல் நோயாளியின் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உட்கருவைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாக ஒளிர்ந்தது. ஆனால் எல்லோருடைய கன்னச் செல்லும் இதற்கு ஒத்துவராது. ஒத்துவரும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பார்ப்பதற்கும் பழகிய கண் வேண்டும். ஊருக்கு ஊர் லேபில் செய்யக்கூடிய வேலையா இது? அதனால் இந்நோய்க்கான பழைய ரத்தச் சோதனையான ஆர்.ஏ. ஃபாக்டரே (ருமட்டாய்டு ஃபாக்டர்) களத்தில் நின்றது. ஆஸ்லோவில் எரிக் வாலர் செம்மறியாட்டு ரத்தச் செல்களை வைத்துக் கண்டு 1940-இல் வெளியிட்டது அது. 1948-இல் நியூயார்க்கில் ஹாரி ரோஸ் குழுவினரும் அதையே கண்டார்கள். 1956-இல் சிங்கரும் பிளாட்ஸும் ஆட்டு ரத்தத்துக்குப் பதில் லேடெக்ஸ் துகள்களைப் பயன்படுத்தியதும் சோதனை எளிதாகிவிட்டது. காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி, ஏன், வெறும் முதுமையில்கூட அது பாசிட்டிவ் ஆகும். அப்படியும் நிலைத்தது.

கன்னச் செல்லில் ஒளிர்ந்த அந்த ஆன்டிபாடி எதைப் பற்றிக்கொள்கிறது என்றே தெரியாத காலத்தில் முறையைக் குறை சொல்வது நியாயமா என்று கேட்கலாம். வாலருக்கும் தான் கண்டது இன்னதென்று முழுதாகத் தெரியாது; ஆனாலும் அவருடைய சோதனை வழக்கத்துக்கு வந்தது. 1998-இல் நைமேகனில் ஸ்கெலெகன்ஸ், வான் வென்ரோய் குழுவினர் அதன் இலக்கு சிட்ருலின் என்ற அமினோ அமிலம் என்று காட்டியதன் நடைமுறைப் பலனே, கன்னச் செல்லை விட்டுவிட முடிந்ததுதான். சிட்ருலின் கொண்ட வளையப் பெப்டைடைச் செயற்கையாகச் செய்து, 2000-இல் ஆன்டி சிசிபி சோதனை வந்தது. பிறகு சேமித்து வைத்த ரத்தம் பேசியது. பின்னாளில் இந்நோய் வந்த 79 ரத்த தானக்காரர்களின் பழைய மாதிரிகளை ஆம்ஸ்டர்டாமில் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆர்.ஏ. ஃபாக்டரோ ஆன்டி சிசிபியோ வலி தொடங்கும் முன்பே இருந்தது. அவர்களில் சரிபாதிப் பேருக்கு நாலரை ஆண்டுக்கும் முன்பே.

அப்படியானால் ரத்தமே போதுமா? போதாது. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆன்டி சிசிபி நெகட்டிவாகவே இருக்கும். பாசிட்டிவ் ஆன எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோல் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. தேவை 6 மதிப்பெண். ஆன்டிபாடிக்கு அதிகபட்சம் 3, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.க்கு 1. மிச்சம் மூட்டிலிருந்தும் நோய் நீடித்த காலத்திலிருந்தும் வர வேண்டும். அதற்கும் முன்னால், ஒரு மூட்டிலாவது வீக்கம் இருப்பதை மருத்துவர் தொட்டுப் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும்.